உள்ளிருந்து திறக்கலாம்

எங்கள் தொழிற்சாலையில் இங்கிலீஷ் வகுப்பு வைக்கப்போகிறார்கள் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கையுறை கிழிந்தால் வேறு ஒன்று வாங்க ஆள் ஆளாய்ப் போய்க் கெஞ்ச வேண்டிய இடம் அது. அங்கே ஓசியில் பாடமா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று பேக்கிங் ஹாலில் எல்லோரிடமும் சொன்னேன். வாயாடி பேச்சை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? அங்கே எனக்குப் பெயரே வாயாடிதான். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் கூப்பிடப்படும்.

மீனை வெட்டி, உறையவைத்து, பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு ஏற்றுகிற தொழிற்சாலை. நான் பேக்கிங்கில். என் வீட்டுக்காரர் ஃப்ரீசரில். வீட்டில் இருக்கிற பெட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலு லாரி உள்ளே நிற்கும், அவ்வளவு பெரிய அறை. தரையிலிருந்து கூரை வரை மீன் பெட்டிகள். மூச்சு விட்டால் மீசையில் உறையும். கதவைச் சாத்தினால் உள்ளே கத்துவது வெளியே கேட்காது.

கதவின் உள்பக்கம் ஒரு பச்சை உருண்டை உண்டு. அதை அழுத்தினால் கதவு திறக்க வேண்டும். உருண்டைக்குப் பின்னால் ஒரு கம்பி இருக்கிறது, அது முறிந்து வருஷக்கணக்காகிறது. அழுத்தினால் உருண்டை உள்ளே போகும், வெளியே வரும், அவ்வளவுதான். இதை மேனேஜரிடம் முதலில் சொன்னவரிடம் பார்க்கலாம் என்றார்கள். மறுபடி போய் நினைவூட்டியவரை வேலையை விட்டே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்த உருண்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆட்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். ஃப்ரீசருக்குள் யாரும் தனியாகப் போவதில்லை, ஜோடியாகத்தான். ஒருவர் உள்ளே, ஒருவர் கதவுக்கு வெளியே. வெளியே நிற்பவர் அவ்வப்போது கதவைக் குத்துவார், உள்ளே இருப்பவர் பதிலுக்குக் குத்த வேண்டும். பதில் வரவில்லை என்றால் கதவைத் திறந்து பார்ப்பார். என் வீட்டுக்காரரின் ஜோடி நெட்டை. எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற உயரம், குழந்தை மனசு. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால்கூட வேறொரு ஆளை இழுத்து வந்து கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டுத்தான் போவான். அவன் நின்றால் எனக்கு நிம்மதி.

வகுப்பு, ஷிஃப்ட் முடிந்ததும் சாப்பாட்டு அறையில் நடந்தது. டீச்சர் ஒல்லியான அம்மா. எங்கேயோ பள்ளிக்கூடத்தில் வேலை போய் இங்கே வந்தவர். வேலை போனாலும் குரல் போகவில்லை, மீன் வெட்டுகிற இயந்திரத்தையும் தாண்டிக் கேட்கும். முதல் நாளே பலகையில் நாலு சொல் எழுதினார். கேன், மஸ்ட், ஷுட், மே. நம் பேச்சில் முடியும், வேண்டும், கூடாது எல்லாம் வாக்கியத்தின் வாலில் வரும், அவர்களுக்கு அது வேலைக்கு முன்னாலேயே வந்து நிற்கும் என்றார். கேன் என்றால் தண்ணீர் கேன்தானே டீச்சர் என்று நெட்டை கேட்டு, அறையே சிரித்தது.

எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டது. மஸ்ட் என்பது மேனேஜர் வாய், செய்தே ஆக வேண்டும். ஷுட் என்பது மாமியார் வாய். செய்தால் நல்லது, செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு வாரம் பேச்சு விழும். மே என்பது வாசலில் நின்று அனுமதி கேட்பது. கேன் என்பது நம் கையில் இருப்பது. நான் இப்படிச் சொன்னதும் டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். ஒவ்வொருவரையும் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கழுத்தெல்லாம் வேர்த்து ‘ஐ கேன் கேரி டூ பாக்ஸ்’ என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லைப் போட்டாலும் சத்தம் வராத கிணறு அவர். கடைக்காரன் மீதி குறைத்துக் கொடுத்தாலும் கேட்க மாட்டார், நான் போய்த்தான் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு அந்த வகுப்பு பிடித்துப்போயிற்று. டீச்சர் சொல்ல, எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்லும்போது அவர் குரல்தான் ஓங்கி நிற்கும். கூட்டத்தோடு சொல்வதில் அவருக்குக் கூச்சம் இல்லை. வீட்டுக்கு வந்து வாசலில் நின்று ‘மே ஐ கம் இன்’ என்பார். மகள் உள்ளேயிருந்து ‘யூ மே நாட்’ என்பாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த நாட்களில் நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். சும்மா சொல்லக் கூடாது.

பிறகு மேனேஜர் வகுப்புக்கு வர ஆரம்பித்தார். கடைசி மேஜையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பார். மீன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்து தொழிற்சாலையைப் பார்க்கப்போகிறார்கள், ஆட்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்பார்கள், அவர்கள் சரி என்றால்தான் கப்பல் கிளம்பும் என்று விளக்கினார். அதனால் இனி வாக்கியங்களை நான் சொல்கிறேன், டீச்சர் பலகையில் எழுதட்டும் என்றார். சொந்த வாக்கியம் அன்றோடு நின்றது.

களைத்தால் உட்காரலாம். முடியாது என்றால் மறுக்கலாம். குறை இருந்தால் சொல்லலாம். எல்லாம் இங்கிலீஷில், எல்லாம் கேனும் மேயும். வேலை செய்கிற இடத்தில் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது, இதைச் சொல்லச் சொல்கிறார்களே என்று பக்கத்துப் பெண்ணிடம் முணுமுணுத்தேன். அடுத்த வாக்கியம் வந்தது. ‘தி டோர் கேன் பி ஓபன்ட் ஃப்ரம் இன்சைட்.’ கதவை உள்ளிருந்து திறக்கலாம்.

எந்தக் கதவு என்று டீச்சர் கேட்டார். எல்லாக் கதவும்தான் என்றார் மேனேஜர். டீச்சருக்கு ஃப்ரீசர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. எழுதினார், சொன்னார், நாற்பது வாய் திருப்பிச் சொன்னது. நெட்டை சொன்னான். என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் மேலே கேட்கும்படி சொன்னார்.

“அந்தக் கதவு திறக்காதுங்க. உங்க வாயால அதச் சொல்றீங்களே” என்றேன், வீட்டுக்குப் போகும் வழியில்.

“பாடம்தானே” என்றார்.

மறுநாளே பச்சை உருண்டைக்குப் புது வர்ணம் அடித்தார்கள். கம்பியை யாரும் தொடவில்லை. எனக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

மேடம் வந்த அன்று தரை முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. குட்டைத் தலைமுடி, கோட்டு, கண்ணாடி. முகத்தைப் பார்த்தால் நல்ல மனுஷிதான், கேட்க வேண்டியதைக் கேட்கிற ஆள். மேனேஜர் ஒரு பக்கம், மொழிபெயர்க்க டீச்சர் மறுபக்கம். எங்களைச் சிலரை ஃப்ரீசர் கதவுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மேடம் கதவைக் காட்டி ஏதோ கேட்டார். கேள்வி முடிவதற்குள் மொத்த வரிசையும் பாடத்தைச் சொன்னது, கதவை உள்ளிருந்து திறக்கலாம் என்று. மேடம் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே வரிசையைப் பார்த்தவர் என்னிடம் வந்து நின்றார். என் வாய் மட்டும் மூடியிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“யூ?” என்றார்.

“நோ மேடம். டோர் கெனாட் ஓபன்” என்றேன்.

மேனேஜர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மேடத்திடம் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். அதில் பாதி எனக்குப் புரிந்தது, அவர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்தானே. இந்தப் பெண் இப்போதுதான் கற்கிறாள், கேனும் கெனாட்டும் இவளுக்கு இன்னும் குழம்பும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மேடம் ஏமாந்த ஆள் இல்லை. அப்படியானால் திறந்து காட்டுங்கள் என்றார். மேனேஜர் என் வீட்டுக்காரரின் தோளில் கை போட்டார்.

“வாப்பா. உள்ள போய்த் திறந்து காட்டு.”

அவர் போக மாட்டார் என்று நினைத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து கூட இருக்கிறேன், அப்படியும் தப்பாக நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், நெட்டையைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய குளிர்கோட்டைக்கூட எடுக்காமல் சட்டையோடு உள்ளே போனார். நெட்டைதான் கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

மேனேஜர் பேச ஆரம்பித்தார். எத்தனை கப்பல், எத்தனை நாடு, எவ்வளவு சுத்தம். பேசிக்கொண்டே மேடத்தைச் சுவரில் இருந்த குளிரைக் காட்டுகிற மீட்டர் பக்கம் நகர்த்தினார். அவர்கள் இரண்டு பேருக்கும் முதுகு எங்கள் பக்கம். கதவு திறக்கவில்லை. பிறகு குத்துச் சத்தம் வந்தது. நெட்டை காதை வைத்துக் கேட்டான். எனக்குக் காது வைக்காமலே கேட்டது.

இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் மேடமே திரும்பிப் பார்த்திருப்பார், குட்டு உடைந்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் உள்ளே இருப்பது என் புருஷன். அந்தக் குத்துக்கு அப்புறமும் பொறுக்கிற பெண் எங்கேயாவது இருந்தால் இருக்கட்டும். நான் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன்.

கதவுச் சத்தம் கேட்டு மேடம் திரும்பியபோது என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். புருவத்தில் வெள்ளை. நீயா திறந்தாய் என்று மேடம் கேட்டார்.

“யெஸ் மேடம். தி டோர் கேன் பி ஓபன்ட் ஃப்ரம் இன்சைட்.”

ஒரு எழுத்து பிசகவில்லை. வகுப்பில் சொல்வதைவிடத் தெளிவாகச் சொன்னார். டீச்சரின் உதடு கூடவே அசைந்தது. நான்தான் திறந்தேன், நான்தான் இழுத்தேன் என்று நான் நம் பேச்சில் கத்தினேன். யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை. மேடம் என்னைப் பார்த்து ‘குட், குட்’ என்று சிரித்துவிட்டு அடுத்த அறைக்கு நடந்தார்.

அன்று வீட்டில் நான் பேசாத பேச்சில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்களே, அதுவும் உங்கள் உயிரையே அல்லவா மறைத்தீர்கள் என்றேன். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே என்றேன்.

“பொய்யா? நான் எங்க பொய் சொன்னேன்? டீச்சர் சொல்லிக் குடுத்ததத்தானே சொன்னேன்” என்றார். “பாடத்தச் சொல்றது பொய்யாகுமா? ஒரு தப்பு வந்துச்சா சொல்லு.”

எனக்கு அழுகை வந்தது. அவர் நிஜமாகவே அப்படி நம்புகிறார். ஒருவர் முன்னால் சொல்ல எல்லோரும் பின்னால் சொன்னால் அது யாருடைய பேச்சும் இல்லை, பாடம். அவருக்கு மட்டுமா, அந்த வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அப்படித்தான். பொய் சொல்லச் சொல்லியிருந்தால் பாதிப் பேராவது தயங்கியிருப்பார்கள்.

கப்பல் கிளம்பியது. என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன், அனுப்பவில்லை. மேனேஜர் என்னிடம் நல்லா இருக்கியாம்மா என்று விசாரித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பேக்கிங்கிலிருந்து வெட்டுகிற ஹாலின் கோடிக்கு மாற்றினார்கள். அங்கே இயந்திரச் சத்தத்தில் நம் மூச்சே நமக்குக் கேட்காது. ஃப்ரீசர் இருக்கிற பக்கம் கண்ணுக்கும் தெரியாது.

அதற்கடுத்து நெட்டையை ஏற்றுமதிக்கு, லாரிப் பக்கம் அனுப்பினார்கள். கதவு உள்ளிருந்து திறக்கிறது என்று மேடமே எழுதிக்கொடுத்துவிட்டார்கள், அப்புறம் வெளியே ஒரு ஆள் வெட்டியாக நிற்பது எதற்கு என்றாராம் மேனேஜர். என் வீட்டுக்காரர் சரி சார் என்றாராம். நெட்டை என்னைத் தேடி வந்து சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன் அக்கா. அவரே சரின்னுட்டாரு” என்றான்.

வேலையை விட்டுவிடுங்கள் என்றேன். விட்டுவிட்டு எங்கே போவது என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அந்த ஊரில் வேறு தொழிற்சாலை கிடையாது. கதவிடுக்கில் ஒரு காலிப் பெட்டியை வைத்துக்கொள்கிறேன், கதவு மூடாது, நீ பயப்படாதே என்றார். குளிர் வெளியே போகிறது என்று மேனேஜர் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டினார், கதவு மூடியிருக்க வேண்டும் என்று, இங்கிலீஷில். மஸ்ட் போட்ட வாக்கியம். அதையும் வகுப்பில் சேர்ந்து சொன்னோம்.

ஒரு சாயங்காலம் டீச்சர் புதுப் பாடம் எடுத்தார். கண்ணால் பார்க்காததை ஊகித்துச் சொல்வது எப்படி என்ற பாடம். நிச்சயமில்லை என்றால் மே, அதைவிடச் சந்தேகம் என்றால் மைட், அநேகமாக அப்படித்தான் என்றால் அதே பழைய மஸ்ட். எடுத்துக்காட்டு வேண்டுமே என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் நாற்காலி காலியாக இருந்தது. எனக்கு முன்வரிசை, பின்னால் திரும்பினால்தான் அது தெரியும். நான் திரும்பியிருக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து எப்போதும்போல் பின்னால் வந்து உட்கார்ந்திருப்பார் என்றுதான் இருந்தேன்.

வேர் இஸ் ஹி, என்று டீச்சர் கேட்டார்.

ஹி மே பி இன் தி பாத்ரூம் என்றாள் ஒருத்தி. எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். ஹி மைட் பி ஸ்லீப்பிங் என்றான் ஒருவன். அதையும் சொன்னார்கள், சிரிப்போடு. பெண்டாட்டிக்குப் பயந்து ஓடிப்போயிருப்பார் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று இன்னொருவன் கேட்டான். அதற்கு டீச்சரும் சிரித்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் லாரிப் பக்கம் வேலை முடிந்து நெட்டை உள்ளே நுழைந்தான், வாசலில் குனிந்து நிமிர்ந்து, அவனும் அந்த நாற்காலியைப் பார்த்தான்.

“அண்ணன் இன்னும் வரலியா?” என்றான்.

இரண்டு பேரும் ஓடினோம். பின்னால் யாரோ ஹி மஸ்ட் பி அட் ஹோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஃப்ரீசர் கதவு மூடியிருந்தது. காலிப் பெட்டியை யாரோ எடுத்துச் சுவரோரம் ஒழுங்காக வைத்திருந்தார்கள். வகுப்புக்குப் போகிற வழியில் பலகையைப் படித்த ஒரு நல்ல பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். யார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நெட்டை கதவை இழுத்தான். கதவோடு சேர்ந்து அவர் எங்கள் மேல் சாய்ந்தார். உள்ளங்கைத் தோல் அந்தப் பச்சை உருண்டையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

உயிர் பிழைத்தார். வலது கையில் விரல்களை எடுத்துவிட்டார்கள். பேச்சு வந்த அன்று மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், பழம் வாங்கிக்கொண்டு, நெட்டையையும் கூட்டிக்கொண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொடுத்தார்.

“உனக்குத்தான் திறக்கத் தெரியுமேப்பா. மேடம் முன்னாடியே திறந்து காட்டினியே. திறந்துட்டு வந்திருக்கலாமே.”

அந்தக் கதவு திறக்காது, அன்றைக்கும் திறக்கவில்லை, நான்தான் இழுத்தேன் என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தாள். அம்மா பாவம், பயந்துபோயிருக்காங்க என்றார் மேனேஜர். எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். இப்போதாவது சொல்லுங்கள் என்று நானும் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறந்துட்டேன் சார்” என்றார்.

மேனேஜர் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தார். சரி, உடம்பைப் பார்த்துக்கொள், நாளையிலிருந்து ஃப்ரீசருக்கு இவன் போகட்டும் என்று நெட்டையின் முதுகில் தட்டினார்.

“எப்படித் திறக்கறதுன்னு நீயே இவனுக்குச் சொல்லிக் குடுத்துடு” என்றார்.

நெட்டை கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். அவனும் சரி சார் என்றான்.